டெலிட் ஆகாத ஃபோல்டர்: ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

நீங்க கேட்டத நான் புரிஞ்சுகிட்டது இதுதான். பழைய கம்ப்யூட்டர்ல இருந்த ஹார்ட் டிஸ்க்க கழட்டி புது கம்ப்யூட்டர்ல ரெண்டாவது டிரைவா மாட்டிருக்கீங்க, அதுல மூணு ஃபோல்டர் டெலிட் ஆக மாட்டேங்குது, ஒண்ணு பர்மிஷன் இல்லைன்னு சொல்லுது, ஒண்ணு வேற ஏதோ புரோகிராம்ல திறந்திருக்குன்னு சொல்லுது, மூணாவது கண்ணு முன்னாடியே இருக்கு ஆனா டெலிட் குடுத்தா அப்படி ஒண்ணு இங்க இல்லவே இல்லைன்னு சொல்லுது. ரீஸ்டார்ட் பண்ணியும் அதே கதை, ஃபார்மட்ட தவிர வேற வழி இருக்கான்னு கேட்டிருக்கீங்க. வழி இருக்கு. ஆனா மூணையும் ஒரே பிரச்சனைன்னு நினைச்சுட்டு ஒரே மருந்த தேடுறீங்க, அங்கதான் சிக்கல். கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலையில பல வருஷமா இருக்கேன், டெலிட் ஆகலைன்னு வர்ற டிரைவ்ல நான் மொதல்ல பாக்கிறது அந்த எர்ரர் மெசேஜோட வார்த்தைகளத்தான், ஏன்னா யாரு தடுக்கிறாங்கன்னு அதுலயே இருக்கும், நாமதான் படிக்காம ஓகே அமுக்கிடுறோம்.

எதையும் தொடுறதுக்கு முன்னாடி அது என்ன ஃபோல்டர்னு ஒரு தடவ பாத்துக்குங்க. பழைய விண்டோஸ் இருந்த டிரைவ்னா அதுல சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்னு ஒண்ணு இருக்கும், ரீசைக்கிள் பின் ஃபோல்டர் ஒண்ணு இருக்கும், இதெல்லாம் அழிச்சாலும் விண்டோஸ் திரும்ப உண்டாக்கிக்கும், அதோட மல்லுக்கட்டுறது வீண். டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்னு ஒண்ணு தெரிஞ்சு கிளிக் பண்ணா ஆக்சஸ் டினைட்னு வந்தா பயப்படாதீங்க, விண்டோஸ் விஸ்டால இருந்து அது நிஜ ஃபோல்டரே இல்ல, யூசர்ஸ் ஃபோல்டர காட்டுற கைகாட்டி மரம் மாதிரி ஒண்ணு, ஜங்ஷன்னு சொல்லுவாங்க. விண்டோஸ் டாட் ஓல்டுன்னு இப்ப ஓடிட்டு இருக்கிற சி டிரைவ்ல இருந்தா அத கையால அழிக்க வேண்டாம், செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் பகுதியிலயோ டிஸ்க் கிளீனப்லயோ பழைய விண்டோஸ நீக்கன்னு ஒரு டிக் இருக்கும், அதுவே சுத்தமா எடுத்துடும்.

இப்ப ‘வேற புரோகிராம்ல திறந்திருக்கு’ங்கிற ஃபோல்டர். இதுதான் சுலபம். ஒரு புரோகிராம் ஒரு ஃபைல திறக்கும்போது ‘நான் வச்சிருக்கிற வரைக்கும் மத்தவங்க இத அழிக்கலாமா கூடாதா’ன்னும் சேத்தே விண்டோஸ்கிட்ட சொல்லிடும், கூடாதுன்னு சொல்லிருந்தா அந்த புரோகிராம் கைய எடுக்கிற வரைக்கும் நீங்க அட்மினா இருந்தாலும் அழிக்க முடியாது. ஃபோல்டர் விஷயத்துல உள்ள ஃபைல் எதுவும் திறந்திருக்கணும்னுகூட இல்ல, கமாண்ட டைப் பண்ற கமாண்ட் பிராம்ப்ட் விண்டோ ஒண்ணு அந்த ஃபோல்டருக்குள்ள நின்னுகிட்டு இருந்தாலே போதும். நான் அடிக்கடி பாத்த ஆளுங்க யாருன்னா, வீடியோவுக்கு சின்ன படம் தயார் பண்ணிட்டு இருக்கிற எக்ஸ்ப்ளோரரே, அப்புறம் பிரிவ்யூ பேன், ஆன்டிவைரஸ், கிளவுட் சிங்க் பண்ற புரோகிராம், பின்னாடி ஓடிட்டே இருக்கிற டோரண்ட். யாருன்னு கண்டுபிடிக்க தனியா எதுவும் இன்ஸ்டால் பண்ணணும்னு இல்ல. ஸ்டார்ட்ல ரிசோர்ஸ் மானிட்டர்னு தேடி திறங்க, சிபியு டேப்ல அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்னு ஒரு பகுதி (ஹேண்டில்னா ஒரு புரோகிராம் ஒரு ஃபைல் மேல வச்சிருக்கிற பிடி), அதுல தேடுற பெட்டியில உங்க ஃபோல்டர் பேர அடிச்சா எந்த புரோகிராம் புடிச்சு வச்சிருக்குன்னு காட்டிடும். மைக்ரோசாஃப்டோட பவர்டாய்ஸ் இருந்தா அதுல ஃபைல் லாக்ஸ்மித்னு ஒண்ணு இருக்கு, ரைட் கிளிக்லயே அதே வேலைய செய்யும். இன்னும் ஆழமா பாக்கணும்னா பிராசஸ் எக்ஸ்ப்ளோரர், மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் நடத்துன சிஸ்இன்டர்னல்ஸ்ல வந்தது, 2006ல மைக்ரோசாஃப்ட் அத வாங்கிடுச்சு, இன்னைக்கும் இலவசம்தான்.

ஒரு எச்சரிக்கை. பிராசஸ் எக்ஸ்ப்ளோரர்ல அந்த ஹேண்டில மட்டும் வலுக்கட்டாயமா மூடுற வசதி இருக்கும், கை பரபரக்கும், பண்ணாதீங்க. அந்த புரோகிராமுக்கு தன் கையில இருந்தது போயிடுச்சுன்னு தெரியாது, அதே ஹேண்டில் நம்பர் அடுத்து வேற ஒரு ஃபைலுக்கு போயிருந்தா எழுத வேண்டியத அங்க போய் எழுதி வச்சுடலாம், அப்படி கெட்டுப்போற ஃபைல நீங்க அடுத்த மாசம்தான் கவனிப்பீங்க. ஹேண்டில விட்டுட்டு புரோகிராமையே மூடுங்க, அது மூடுனா ஹேண்டில் தானா போயிடும்.

லாக்கா, அதாவது ஏதாவது புரோகிராம் புடிச்சு வச்சிருக்கா இல்லையான்னு பாக்க இன்னொரு சின்ன சோதனை இருக்கு, எனக்கு ரொம்ப உதவியிருக்கு. ஃபோல்டர டெலிட் பண்ணாம பேர மாத்தி பாருங்க. உள்ள ஏதாவது ஃபைல் திறந்திருந்தா விண்டோஸ் மேல் ஃபோல்டர் பேர மாத்த விடாது. பேரு மாறுது ஆனா டெலிட் மட்டும் ஆகலைன்னா பெரும்பாலும் லாக் பிரச்சனை இல்ல, பர்மிஷனோ உள்ள இருக்கிற ஏதோ ஒரு பேரோதான் மாட்டிகிட்டு இருக்கு. பெரும்பாலும்னு சொல்றேன், நூத்துக்கு நூறு இல்ல, ஏன்னா பேர மாத்தவும் பர்மிஷன் வேணும்.

ரீஸ்டார்ட் பண்ணேன்னு எழுதிருக்கீங்க. நிஜமா ரீஸ்டார்ட்டா, இல்ல ஷட்டவுன் பண்ணி மறுபடி ஆன் பண்ணீங்களா? கேக்கிறதுக்கு காரணம் இருக்கு. 2012ல வந்த விண்டோஸ் 8ல இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒண்ணு இருக்கு, அது ஆன்ல இருந்தா ஷட்டவுன் குடுக்கும்போது உங்க லாகின் மட்டும்தான் மூடும், விண்டோஸோட அடிப்பகுதியும் டிரைவர்களும் அப்படியே டிஸ்க்ல சேமிச்சு அடுத்த தடவ எழுப்பப்படும். முழுசா புதுசா கிளம்புறது ரீஸ்டார்ட்லதான். அப்படி ரீஸ்டார்ட் பண்ணியும் லாக் இருக்குன்னா ஸ்டார்ட்டப்ல கூடவே கிளம்புற ஏதோ ஒரு புரோகிராம் வந்த உடனே புடிச்சுக்குதுன்னு அர்த்தம், சேஃப் மோட்ல போனா அந்த கூட்டம் வராது, அங்க வச்சு அழிச்சுடலாம். அதுவும் வேலைக்கு ஆகலைன்னா சிஸ்இன்டர்னல்ஸ்லயே மூவ்ஃபைல்னு ஒரு சின்ன கமாண்ட் இருக்கு, அழிக்க வேண்டிய ஃபைல, விண்டோஸ் தன் செட்டிங்ஸ வச்சிருக்கிற ரெஜிஸ்ட்ரில ஒரு லிஸ்ட்ல எழுதி வச்சுடும், அடுத்த தடவ பூட் ஆகும்போது மத்த புரோகிராம் எதுவும் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே விண்டோஸ் அந்த லிஸ்ட படிச்சு அழிச்சுடும், அப்டேட் இன்ஸ்டாலர்கள் பழைய ஃபைல மாத்துறது பெரும்பாலும் இதே வழியிலதான்.

அடுத்தது பர்மிஷன் ஃபோல்டர். பழைய டிரைவ்ங்கிறதால உங்களுக்கு இது வந்தே ஆகணும். ‘அதே பேரு, அதே பாஸ்வேர்டுதானே வச்சிருக்கேன், நான்தானே ஓனர்’னு எல்லாரும் கேப்பாங்க. விண்டோஸ் உங்கள பேர வச்சு ஞாபகம் வச்சுக்கிறதில்ல, எஸ்-1-5-21ன்னு ஆரம்பிக்கிற ஒரு நீள நம்பரா வச்சுக்குது, புதுசா விண்டோஸ் போடும்போது அதே பேர்ல அக்கவுண்ட் உண்டாக்கினாலும் நம்பர் வேற. அதனால பழைய டிரைவ்ல இருக்கிற ஃபோல்டரோட ஓனர் இப்ப இந்த கம்ப்யூட்டருக்கு தெரியாத ஒரு ஆளு. ஃபோல்டர் மேல ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டுன்னு போய் பாத்தா அன்நோன் அக்கவுண்ட்னு ஒரு நம்பர் நிக்கும், அது பழைய நீங்கதான்.

சரி பண்றது ரெண்டு படி, பாதி பேரு மொதல் படியோட நின்னுட்டு ஆகலைன்னு சொல்லுவாங்க. அதே அட்வான்ஸ்டு விண்டோவுல மேல ஓனர் பக்கத்துல சேஞ்ச் குடுத்து உங்க அக்கவுண்ட போடுங்க, உள்ள இருக்கிற எல்லாத்துக்கும் ஓனர மாத்துன்னு வர்ற டிக்கையும் போடுங்க. ஆனா ஓனர் ஆயிட்டா பர்மிஷன் வந்துடாது, பர்மிஷன மாத்துற உரிமைதான் வரும். அதனால விண்டோவ மூடி திரும்ப திறந்து உங்க பேருக்கு ஃபுல் கண்ட்ரோல் குடுக்கணும், உள்ள இருக்கிறதுக்கும் சேத்து. ஃபோல்டருக்குள்ள ஆயிரக்கணக்குல ஃபைல் இருந்தா கமாண்ட் பிராம்ப்ட்ட அட்மினா திறந்து பண்றது வேகம். மொதல் கமாண்ட் டேக்ஓன், ஒரே வார்த்தையா டி ஏ கே இ ஓ டபிள்யூ என், அதுக்கப்புறம் ஸ்லாஷ் எஃப், மேற்கோள் குறிக்குள்ள ஃபோல்டரோட முழு பாத் (டிரைவ் எழுத்துல இருந்து ஃபோல்டர் பேரு வரைக்கும் உள்ள முகவரி), கடைசில உள்ள இருக்கிறதும் சேர ஸ்லாஷ் ஆர். ரெண்டாவது கமாண்ட் ஐ சி ஏ சி எல் எஸ், அதே பாத், ஸ்லாஷ் கிராண்ட், உங்க யூசர் பேர், ஒட்டுனாப்ல ஒரு கோலன், எஃப், அப்புறம் ஒரு இடம் விட்டு ஸ்லாஷ் டி. இந்த எஃப்ங்கிறது ஃபுல்லுக்கு, டி உள்ள இருக்கிற எல்லாத்துக்கும்.

இத எந்த ஃபோல்டர்ல ஓட்டுறீங்கங்கிறதுல ரொம்ப ரொம்ப கவனமா இருங்க. பாத் அடிக்கும்போது சி டிரைவ்னு மட்டும் அடிச்சு எண்டர் தட்டுன ஒருத்தரோட லேப்டாப் என்கிட்ட வந்தது, விண்டோஸ் ஃபைல்களோட நிஜ ஓனர் 2007 விஸ்டாவுல இருந்து டிரஸ்டட் இன்ஸ்டாலர்னு ஒரு சர்வீஸ், அது தன் ஃபைல்கள தானே பாதுகாத்துக்கும், அந்த மொத்த கட்டமைப்பும் ஒரே கமாண்ட்ல போச்சு. அப்டேட் இறங்கல, சில செட்டிங்ஸ் திறக்கவே இல்ல, ஒவ்வொரு ஃபைலுக்கும் பழைய பர்மிஷன கையால திருப்பி வைக்கிறது நடக்காத காரியம், கடைசில விண்டோஸ மறுபடியும் போட்டுக் குடுத்தேன். ஒரு ஃபோல்டருக்கு பிரச்சனைன்னா அந்த ஒரு ஃபோல்டர் பாத் மட்டும்தான் அடிக்கணும்.

மூணாவது, ‘இருக்கு ஆனா இல்ல’ ஃபோல்டர். இதுதான் மனுஷன பைத்தியமாக்குற ரகம், ஆனா காரணம் தெரிஞ்சா ரொம்ப எளிமை. என் அனுபவத்துல இதுல முக்காவாசி பேரு சம்பந்தப்பட்டது. டிஸ்க்ல ஃபைல்கள அடுக்கி வைக்கிற என்டிஎஃப்எஸ் ஒரு பேரோட கடைசில காலி இடமோ புள்ளியோ இருந்தா ஏத்துக்கும். ஆனா அதுக்கு மேல இருக்கிற விண்டோஸ் அடுக்கு, பேர கீழ அனுப்புறதுக்கு முன்னாடி கடைசி புள்ளியையும் காலி இடத்தையும் வெட்டிட்டுதான் அனுப்பும். லினக்ஸ் வழியாவோ மேக் வழியாவோ ஏதாவது டவுன்லோட் புரோகிராம் வழியாவோ ‘பாடல்கள்’ங்கிற பேருக்கு பின்னாடி ஒரு ஸ்பேஸோட ஒரு ஃபோல்டர் உருவாயிருந்தா, எக்ஸ்ப்ளோரர் அத லிஸ்ட்ல காட்டும், நீங்க டெலிட் குடுக்கும்போது ஸ்பேஸ் இல்லாத ‘பாடல்கள்’ள போய் தேடும், அப்படி ஒண்ணு இல்லைன்னு வந்து நிக்கும். பொய் சொல்லல, அது தேடுன பேர்ல நிஜமாவே ஒண்ணும் இல்ல.

இதுக்கு ஒரு சாவி இருக்கு. பாத்துக்கு முன்னாடி \\?\ அப்படின்னு நாலு குறி போட்டா ‘பேர வெட்டாத, திருத்தாத, நான் குடுத்தத அப்படியே கீழ அனுப்பு’ன்னு விண்டோஸுக்கு சொல்றதா அர்த்தம். அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்ல ஃபோல்டர நீக்குற ஆர் டி கமாண்ட அடிச்சு, ஸ்லாஷ் எஸ் போட்டு, மேற்கோள் குறிக்குள்ள மொதல்ல அந்த நாலு குறி, ஒட்டுனாப்ல டிரைவ் எழுத்து, கோலன், முழு பாத், கடைசில அந்த ஸ்பேஸ் அல்லது புள்ளியையும் விடாம சேத்து மேற்கோள மூடுங்க. ஆர் யூ ஷூர்னு கேக்கும், பாத்த இன்னொரு தடவ படிச்சுட்டு ஒய் அடிங்க, இதுல அழிஞ்சா ரீசைக்கிள் பின்னுக்கு போகாது, நேரா போயிடும். கமாண்ட் பயமா இருந்தா செவன்-ஜிப்போட ஃபைல் மேனேஜர திறந்து அங்க இருந்து ஷிஃப்ட் டெலிட் குடுத்து பாருங்க, எக்ஸ்ப்ளோரர் கைவிட்ட பல பேர அது அழிச்சு பாத்திருக்கேன், ஆனா எல்லாத்துக்கும் வேலை செய்யும்னு உறுதி தர மாட்டேன்.

பேருன்னு வரும்போது இன்னொரு குடும்பம் இருக்கு. கான், பிஆர்என், ஆக்ஸ், நல், காம்1 லருந்து காம்9 வரைக்கும், எல்பிடி1 லருந்து எல்பிடி9 வரைக்கும். இந்த பேர்ல ஃபோல்டர் வைக்கவும் முடியாது, எப்படியோ உருவாயிட்டா சாதாரணமா அழிக்கவும் முடியாது. காரணம் 1981ல போகுது. விண்டோஸுக்கு முன்னாடி இருந்த டாஸோட மொத வெர்ஷன்ல ஃபோல்டர்ங்கிறதே கிடையாது, பிரிண்டர் கீபோர்டு மாதிரி சாதனங்களுக்கு இந்த பேரெல்லாம் ஃபைல் பேரு மாதிரியே வச்சிருந்தாங்க. 1983ல டாஸ் 2ல ஃபோல்டர் வந்தப்ப பழைய புரோகிராம்கள் ஓடணும்ங்கிறதுக்காக இந்த பேரு எல்லா ஃபோல்டருக்குள்ளயும் இருக்கிற மாதிரி விட்டுட்டாங்க, அந்த முடிவு இன்னைக்கு வரைக்கும் நம்மள துரத்துது. பழைய டிரைவ்லயும் பென் டிரைவ்லயும் ஆட்டோரன் டாட் ஐஎன்எஃப்னு ஒரு ஃபோல்டர் அழியாம உக்காந்திருந்தா உள்ள திறந்து பாருங்க, இந்த மாதிரி பேர்ல இன்னொரு ஃபோல்டர் இருக்கலாம். பென் டிரைவ் வைரஸ் ஆட்டம் போட்ட காலத்துல அதே பேர்ல வைரஸ் ஃபைல் வந்து உக்காரக்கூடாதுன்னு சில தடுப்பு புரோகிராம்கள் வேணும்னே அழிக்க முடியாத ஃபோல்டர வச்சுட்டு போச்சு, அது வைரஸ் இல்ல, காவலுக்கு வச்ச ஆளு. இதுக்கும் அதே நாலு குறி சாவிதான்.

நீள பாத் விஷயமும் இங்கயே சொல்லிடுறேன். பழைய கணக்குப்படி டிரைவ் எழுத்துல ஆரம்பிச்சு ஃபைல் பேரு முடியிற வரைக்கும் மொத்தம் 260 எழுத்துக்குள்ள இருக்கணும், ஆனா என்டிஎஃப்எஸ் ஒவ்வொரு பேருக்கும் 255 வரைக்கும் விடும், மொத்த பாத் முப்பதாயிரத்துக்கும் மேல போகலாம். பேக்கப்புக்குள்ள பேக்கப்புன்னு வச்சிருக்கிற டிரைவ்ல, இல்ல புரோகிராம் எழுதுறவங்க நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர்ல இது சகஜம். மேல இருக்கிற ஃபோல்டர்களோட பேர ஒவ்வொண்ணா ஒரே எழுத்துக்கு சுருக்குங்க, அல்லது உள்ள ஆழத்துல இருக்கிறத கட் பண்ணி டிரைவோட முதல் மட்டத்துக்கு கொண்டு வந்து அழிங்க, பல சமயம் அதுவே போதும். விண்டோஸ் 10ல 1607 வெர்ஷன்ல இருந்து இந்த 260 கட்டுப்பாட்ட தளர்த்துற செட்டிங் ஒண்ணு இருக்கு, ஆனா அத புரிஞ்சுக்கிற மாதிரி எழுதப்பட்ட புரோகிராம்களுக்கு மட்டும்தான் பலன்.

பேர்ல ஒண்ணும் தப்பு இல்ல, நாலு குறி போட்டும் ஆகலைன்னா அப்பதான் நான் டிஸ்க்க சந்தேகப்படுவேன். அடையாளம் சொல்றேன். கரப்டட் அண்ட் அன்ரீடபிள்னு மெசேஜ், இல்ல 70570ன்னு முடியிற எர்ரர் நம்பர், ஃபோல்டர் பேரே புரியாத குறியீடா இருக்கிறது, சின்ன டிரைவ்ல ஒரு ஃபைல் மட்டும் நம்ப முடியாத சைஸ் காட்டுறது, அந்த ஃபோல்டர தொட்டாலே எக்ஸ்ப்ளோரர் உறைஞ்சு நிக்கிறது, டிரைவ்ல இருந்து டிக் டிக்னு சத்தம். இதுல எது இருந்தாலும் டெலிட்ட மறந்துடுங்க, அந்த டிரைவ்ல உங்களுக்கு வேணுங்கிறத மொதல்ல வேற டிரைவுக்கு காப்பி பண்ணுங்க. இத நான் அழுத்தி சொல்றதுக்கு காரணம், ஆரம்ப காலத்துல ஒரு குடும்பத்தோட ஃபோட்டோ டிரைவ் ஒண்ணு இப்படி வந்தது, ஒரே ஒரு ஃபோல்டர் அழியலைன்னுதான் கொண்டு வந்தாங்க, நான் காப்பி எடுக்காம, டிஸ்க்ல பிழைய தேடி சரி பண்ற செக்டிஸ்க் கமாண்ட ஸ்லாஷ் ஆரோட ஓட்டினேன். அது டிரைவ் முழுக்க ஒவ்வொரு செக்டரா, அதாவது ஒவ்வொரு சின்ன துண்டா படிக்கும், மணிக்கணக்குல ஓடும், ஏற்கனவே சாகக் கிடந்த டிரைவ் பாதியில நின்னது நின்னதுதான். அந்த ஃபோட்டோல பாதிக்கு மேல திரும்பி வரல, அவங்க முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. அன்னையில இருந்து காப்பி எடுக்காம செக்டிஸ்க் ஓட்டுறதே இல்ல.

காப்பி ஆனப்புறம் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மாதிரி ஏதாவது ஒண்ணுல டிரைவ் தன் உடம்பு நிலைய தானே பதிஞ்சு வைக்கிற ஸ்மார்ட் விவரத்த பாருங்க, ரீஅலோகேட்டட் செக்டர், பென்டிங் செக்டர் ரெண்டும் பூஜ்யமா இருந்தா டிரைவ் உடம்பு அனேகமா நல்லா இருக்கு, ஃபைல் அட்டவணைதான் குழம்பியிருக்கு, செக்டிஸ்க் ஸ்லாஷ் எஃப் போதும். அது ஓடி முடிஞ்சதும் ஃபவுண்ட் டாட் 000ன்னு ஒரு ஃபோல்டர் புதுசா வந்திருந்தா அதுல அனாதையா கெடந்த துண்டுகள போட்டு வச்சிருக்கும், உடனே அழிக்காம உங்க ஃபைல் எதாவது காணாம போயிருக்கான்னு பாத்துட்டு அழிங்க. அந்த எண்ணிக்கை பூஜ்யமா இல்லாம நாளுக்கு நாள் ஏறுதுன்னா அந்த டிரைவ எதுக்கும் நம்ப வேண்டாம், ஃபார்மட் பண்ணாலும் கெட்ட செக்டர் நல்லதா மாறாது.

லினக்ஸ் பென் டிரைவ்ல பூட் பண்ணி அழிச்சுடுன்னு சில பேரு சொல்லுவாங்க. வேலை செய்யும், ஏன்னா அங்க விண்டோஸ் லாக்கும் கிடையாது, விண்டோஸ் பர்மிஷனையும் அது பெருசா மதிக்காது. அதனாலதான் எனக்கு அது கடைசி வழி, எது முக்கியம் எது இல்லைன்னு அங்க யாரும் உங்கள தடுக்க மாட்டாங்க. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்போட ஷட்டவுன் பண்ண டிரைவா இருந்தா லினக்ஸ் அத படிக்க மட்டும்தான் விடும், அதனால ரீஸ்டார்ட் வழியா போங்க. டிரைவ பூட்டி வைக்கிற பிட்லாக்கர் போட்டிருந்தா ரெக்கவரி கீ கையில இல்லாம தொடாதீங்க. நெட்ல கெடைக்கிற அன்லாக்கர், ஃபோர்ஸ் டெலிட் புரோகிராம்கள் மேல சொன்ன அதே வேலைகளத்தான் பின்னாடி செய்யுது, சிலது கூடவே வேண்டாதத இன்ஸ்டால் பண்ணிட்டு போகும், எனக்கு அது தேவைப்பட்டதே இல்ல.

உங்க கேஸுக்கு நான் இருந்தா இப்படி போவேன். மொதல்ல வேணுங்கிறத காப்பி எடுத்துட்டு ஸ்மார்ட்ட பாப்பேன். திறந்திருக்குங்கிற ஃபோல்டருக்கு ரிசோர்ஸ் மானிட்டர், பர்மிஷன் ஃபோல்டருக்கு ஓனர மாத்தி ஃபுல் கண்ட்ரோல், ரெண்டும் அரை மணி நேர வேலை, இது ரெண்டும் சரியாகும்னு கிட்டத்தட்ட உறுதியாவே சொல்றேன். மூணாவதுதான் ஸ்கிரீன பாக்காம என்னால அடிச்சு சொல்ல முடியல, பேரா டிஸ்க்கான்னு பாக்கணும். காப்பி எடுத்தப்புறம் அந்த டிரைவ்ல வேற எதுவும் தேவை இல்லைன்னா ஃபார்மட் பண்றதுல தப்பே இல்ல, அது அஞ்சு நிமிஷ வேலை, ஆனா ஸ்மார்ட் நல்லா இருந்தா மட்டும். கமாண்ட் பிராம்ப்ட்ல அந்த மூணாவது ஃபோல்டர் இருக்கிற இடத்துக்கு போய் டிஐஆர் அடிச்சு வர்றத அப்படியே போடுங்க, எர்ரர் மெசேஜையும் ஒரு வார்த்தை விடாம போடுங்க, பேருக்கு பின்னாடி ஸ்பேஸ் ஒளிஞ்சிருக்கான்னு பாத்து கமாண்ட முழுசா எழுதித் தரேன்.